வெளுத்துக் கொடுத்த கட்டடம்

பீரோவை ஒட்டி வைக்க ஒரு நேரான சுவர்கூட இல்லாத வீட்டில் தன்னைக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்பதுதான் அண்ணியின் முதல் புகார். முப்பது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. புகாரை அவள் இன்னும் வாபஸ் வாங்கவில்லை. மாடியில் அவள் படுக்கும் அறையின் வெளிச்சுவர் தெருமுனையோடு சேர்ந்து வளைந்து போகும். பீரோவை எப்படி நகர்த்தி வைத்தாலும் இரண்டு ஓரமும் சுவரைத் தொடும், நடுவில் மட்டும் ஒரு பள்ளம் நிற்கும். பீரோ மேல் வைத்த சாமான் ஒவ்வொன்றும் அந்தப் பள்ளத்தில் விழுந்தே தீரும். சீப்பு விழுந்திருக்கிறது, சாவிக்கொத்து விழுந்திருக்கிறது, ஒருமுறை அவள் புருஷனின் பல்செட்டும் விழுந்திருக்கிறது. அன்றைக்கு அவர் சாயங்காலம் வரை வாயைப் பொத்திக்கொண்டேதான் வாடிக்கையாளர்களிடம் பேசினார்.

அண்ணி என்றால் நாத்தனாருக்கு அண்ணி. நாத்தனார் கல்லாப் பக்கம் உட்கார்ந்துகொண்டு நாளெல்லாம் "அண்ணி, அண்ணி" என்று குரல் கொடுத்துக் கொடுத்து, தெருவே அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டது. எதிர்ச்சாரி ரொட்டிக்கடைக்காரர் அவளைவிடப் பத்து வயது மூத்தவர். அவருக்கும் அவள் அண்ணிதான்.

கீழே சலவைக் கடை, மேலே வீடு. தண்ணீரில் நனைக்கக்கூடாத துணியெல்லாம் அந்தக் கடைக்கு வரும். கோட்டு, கம்பளி, பட்டு, பெரிய ஓட்டல்களின் திரைச்சீலை. கட்டடத்தைக் கட்டியவர் மாமனார். அவர் காலத்தில் புதுமாதிரிக் கட்டடம் என்று ஒரு மோகம் இருந்தது. கையில் நாலு காசு சேர்ந்த கடைக்காரர்கள் எல்லாரும், தாத்தா காலத்துத் தூணும் வளைவும் வேண்டாம், நாளைக்கு வரப்போகிற காலம் மாதிரி கட்டு என்று பொறியாளர்களிடம் சொன்ன காலம். மாமனார் இன்னும் ஒரு படி மேலே போய், "துணி மடிச்சு வெச்ச மாதிரி இருக்கணும்" என்று சொல்லிவிட்டாராம். அந்தப் பொறியாளரும் விடாக்கண்டன். அப்படியே கட்டிக் கொடுத்துவிட்டான்.

ஆகவே கூரை தட்டையாக இருக்காது. மடிப்பு மடிப்பாக ஏறி இறங்கும். ஒவ்வொரு பள்ளத்திலும் மழைத்தண்ணீர் தங்கும். தங்கிய தண்ணீர் எங்கே போகும்? அண்ணியின் தலையணைக்குப் போகும். கடையின் முன்கண்ணாடி நேராக நிற்காது. மேல்விளிம்பு தெருப்பக்கம் சாய்ந்து, யார் வருகிறார்கள் என்று எட்டிப் பார்ப்பதுபோல் நிற்கும். ஏணி போட்டுத் துடைக்கப் போனால் மொத்தக் கண்ணாடியும் முகத்தில் விழப்போவதுபோல் இருக்கும். மாடிப்படி அதற்கு மேல். ஒவ்வொரு படியும் சுவரிலிருந்து தனியாக நீட்டிக்கொண்டு அந்தரத்தில் நிற்கும், இடையில் அடைப்பே கிடையாது. புதுப்பெண்ணாக முதல்முதலில் ஏறியபோது, கால் வைக்கும் இடத்துக்குக் கீழே ஒரு வழுக்கைத் தலை தெரிந்தது. "ஐயோ" என்று அலறினாள். தலை நிமிர்ந்து பார்த்தது. கோட்டு வாங்க வந்த வங்கி மேலாளர்.

இந்தக் கட்டடத்தை விட்டுப் போய்விட வேண்டும் என்று அவள் அன்றைக்கே நினைத்தாள். நினைத்தது அன்றைக்கு, வழி பிறந்தது புருஷன் போய்ச்சேர்ந்த பிறகு.

அவளுக்கு உலகத்தில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு அக்கா. இன்னோர் ஊரில், ராத்திரிப் பேருந்தில் போக வேண்டிய தூரத்தில் இருந்தாள். முட்டிவலி. அடுத்த தெருவுக்குப் போவதே அவளுக்குப் பெரும்பாடு. அண்ணியோ கடையை ஒருநாள் மூடினால் மறுநாள் வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார். அதனால் அக்காதங்கை உறவெல்லாம் ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசியில்தான். அக்கா வீட்டுப் பக்கத்தில் ஒட்டினாற்போல் ஓர் அறை காலியாக இருந்தது. அக்காவின் மகன் அதை வாடகைக்கு விட வேண்டும் என்கிறான், அக்கா விடமாட்டேன் என்கிறாள். "நாலு சுவரும் நேராத்தான்டி இருக்கு. உன் பீரோவை எங்க வேணும்னாலும் வெச்சுக்கோ. ரெண்டு பேரும் பேசிக்கிட்டே கிடப்போம்" என்பாள் ஒவ்வொரு ஞாயிறும். வெறுங்கையோடு போய் அக்கா மகனுக்குப் பாரமாக உட்கார அண்ணிக்கு மனம் ஒப்பவில்லை. கட்டடத்தை விற்றால் பாதி அவளுக்கு, பாதி நாத்தனாருக்கு. அந்தப் பாதி கைக்கு வந்தால் அக்காவிடம் தலைநிமிர்ந்து போகலாம். வராவிட்டால் இந்த வளைந்த சுவருக்குள்ளேயே கிடந்து சாக வேண்டியதுதான்.

நாத்தனார் அந்தக் கட்டடத்திலேயே பிறந்தவள். கல்யாணம் ஆகவில்லை. வாய்க்கு மட்டும் ஓய்வே கிடையாது. "வித்துத் தொலைங்க அண்ணி. பெண்கள் விடுதியில ஜன்னலோரக் கட்டிலுக்குச் சொல்லி வெச்சிருக்கேன். நிம்மதியா இருப்பேன். உங்க குறட்டையாவது காதுல விழாது" என்றாள்.

ஊரெல்லாம் கிளை வைத்திருந்த ஒரு மருந்துக்கடைக்காரர் வாங்க முன்வந்தார். தெருமுனை இடம் அவருக்குப் பிடித்திருந்தது. கட்டடம் பிடிக்கவில்லை. இடித்துவிட்டு நாலு மாடி எழுப்பப்போவதாகச் சொன்னார். பேச்சு முடிந்து கையெழுத்துக்கு நாள் குறித்தார்கள். அண்ணி அக்காவுக்குத் தொலைபேசியில் சொன்னபோது அக்கா அழுதாள், இவளும் அழுதாள். நாத்தனார், "காசு ஓடுது, ரெண்டு பேரும் தனித்தனியா அழுதுக்கலாமே" என்றாள்.

இத்தோடு நின்றிருந்தால் அண்ணி இன்றைக்கு அக்கா வீட்டில் கால் நீட்டிப் படுத்திருப்பாள். கெடுத்தது அவள் தொழில் புத்தி.

அந்தக் கடைக்கு ஒரு முறை உண்டு. உள்ளே வந்த துணி அழுக்கோடு வெளியே போகக்கூடாது. யார் துணியாக இருந்தாலும் சரி, என்ன ஆகப்போகிற துணியாக இருந்தாலும் சரி. ஒருமுறை நாடகக் குழுவிலிருந்து ஒரு சட்டையைக் கொண்டுவந்தார்கள். மேடையில் வில்லன் அதைக் கிழிக்கப்போகிறான், சும்மா மடித்துக் கொடுத்தால் போதும் என்றார்கள். அண்ணியின் புருஷன் கேட்கவில்லை. காலர் கறையை எடுத்து, கஞ்சி போட்டு, மடிப்பு கலையாமல் உறையில் போட்டுக் கொடுத்தார். வில்லன் மூன்று தரம் இழுத்தும் சட்டை கிழியவில்லையாம். நாடகமே சிரிப்பாய்ச் சிரித்துப்போனது. அப்படிப்பட்ட கடை அது.

கையெழுத்துக்கு நாள் குறித்த மறுநாள் காலையில் அண்ணி வாசலில் நின்று முன்சுவரைப் பார்த்தாள். அவள் கல்யாணமாகி வருவதற்கு முன்னாலேயே, பழைய பாணி என்று யாரோ கேலி செய்ததைக் கேட்டு அவள் புருஷன் அந்தச் சுவர் முழுக்க பிஸ்கட் நிறப் பெயிண்டை அப்பிவிட்டார். அதற்கு மேல் தகரப் பலகை. தகரத்திலிருந்து வழிந்த துரு சுவரில் கோடு கோடாக இறங்கியிருந்தது. புகை, எண்ணெய்ப் பிசுக்கு, புறா எச்சம். இதை இப்படியே ஒருவர் கையில் கொடுப்பதா என்று அவளுக்குக் கூச்சமாகப் போய்விட்டது.

மருந்துக்கடைக்காரர் தற்செயலாக வந்தபோது அவள் ஏணியில் நின்றிருந்தாள்.

"என்னம்மா பண்றீங்க?"

"சுத்தம் பண்றேன்."

"நாங்க இடிக்கத்தானேம்மா போறோம்?"

"இடிங்க. யாரு வேண்டாம்னா? அழுக்கா எப்படிக் கொடுக்கறது?"

அவர் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகப் போனார்.

துணியில் கறை எடுப்பதுபோலவே அவள் செய்தாள். முதலில் யார் கண்ணுக்கும் படாத உள்மூலையில் கறை எடுக்கும் மருந்தைக் கொஞ்சம் தடவிப் பார்த்தாள். துணியென்றால் உள்தையல் ஓரத்தில் பார்ப்பார்கள். சுவர் தாங்குமா என்று தெரிந்த பிறகு, கறையின் வெளி விளிம்பிலிருந்து உள்ளே பார்த்து மெல்லத் தேய்த்தாள். உள்ளேயிருந்து வெளியே தேய்த்தால் கறை பரவும். பிஸ்கட் நிறம் தோல் உரிவதுபோல் உரிந்து வந்தது. அடியில் நீலம் தெரிந்தது.

விரல்நகம் அளவு கண்ணாடி ஓடுகள். நீலத்திலேயே அத்தனை நீலம் இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. மை நீலம், மயில் கழுத்து நீலம், வெளுத்த சட்டையின் நீலம். இடையிடையே கடுகு மஞ்சள். எந்தக் கணக்கில் பதித்தார்கள் என்று புரியவில்லை. ஆனால் மஞ்சள் ஓடுகள் மட்டும் கீழிருந்து மேலே ஆவி எழும்புவதுபோல் நெளிந்து நெளிந்து போயின. இஸ்திரிப் பெட்டியிலிருந்து எழும் ஆவி! அது சலவைக் கடை என்பதற்காக யாரோ ஒருத்தன் உட்கார்ந்து யோசித்திருக்கிறான். அண்ணிக்கு ஏணியிலேயே சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை வருஷம் இதற்குள்ளேயே குடியிருந்தும், இது எனக்குத் தெரியாமல் போச்சே என்று நாத்தனாரைக் கூப்பிட்டாள்.

நாத்தனார் வந்து இடுப்பில் கைவைத்துப் பார்த்தாள். "ஆமா, சின்னப்பிள்ளையில பார்த்திருக்கேன். அப்பா சாயங்காலமானா எதிர்ச்சாரியில போய் நின்னு இதையே பார்த்துக்கிட்டு இருப்பாரு. அம்மா திட்டுவாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அண்ணியைக் கேலி செய்யக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. அதுவே அதிசயம்.

தகரப் பலகையையும் கழற்றியாயிற்று. கூரையின் மடிப்பு விளிம்பு தெருவைப் பார்த்து வெளியே வந்தது. கையெழுத்து நாளுக்கு முந்தின வாரம் கடைவாசலில் ஓர் இளம்பெண் வந்து நின்றாள். கழுத்தில் கேமரா. கட்டடக்கலைக் கல்லூரியில் ஆசிரியையாம். பேருந்தில் போனவள் இந்தச் சுவரைப் பார்த்துவிட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கி ஓடிவந்திருக்கிறாள். மூச்சு வாங்கியது. நாத்தனார் அந்த நிமிஷமே அவளுக்குக் கேமராக்காரி என்று பெயர் வைத்துவிட்டாள்.

கேமராக்காரி உள்ளே வந்து தரையைப் பார்த்தாள். பித்தளைப் பட்டை ஓடிய மொசைக் தரை. உட்கார்ந்து அதைத் தடவினாள். படிக்கட்டைப் பார்த்தாள். "அம்மா, இது அந்தரத்துல நிக்குது!" என்றாள். "அதான் எனக்கு முப்பது வருஷமாப் பயம்" என்றாள் அண்ணி. சாய்ந்த கண்ணாடியைப் பார்த்துக் கேமராக்காரி கைதட்டினாள்.

"இது ஏன் சாய்ஞ்சிருக்குன்னு தெரியுமாம்மா? நேரா இருந்தா தெருவோட வெளிச்சம் பட்டு வெளியில நிக்கிறவங்க முகம்தான் அவங்களுக்கே தெரியும். சாய்ச்சுட்டா கண்ணாடி இருக்கிறதே தெரியாது. உள்ள தொங்கற துணி மட்டும்தான் தெரியும். வாங்க, காட்டறேன்."

அவள் அண்ணியின் கையைப் பிடித்துத் தெருவைத் தாண்டி ரொட்டிக்கடை வாசலுக்கு அழைத்துப்போனாள். சொன்னால் நம்பமாட்டீர்கள், அண்ணி தன் கட்டடத்தை எதிரில் நின்று ஒருநாளும் பார்த்ததில்லை. வெளியே போகும்போது முதுகைக் காட்டிக்கொண்டு போவாள், வரும்போது தலையைக் குனிந்துகொண்டு வருவாள். பிடிக்காத வீட்டை நிமிர்ந்து பார்ப்பானேன்?

சாயங்கால வெயில். நீலச் சுவர் மினுங்கியது. கூரை மடிப்புகள் ஒன்றின்மேல் ஒன்று நிழல் போட்டன. கண்ணாடி இருப்பதே தெரியாமல், உள்ளே வரிசையாகத் தொங்கிய கோட்டுகள் யாருக்கோ காத்திருப்பதுபோல் தெரிந்தன. இது அழகு. இவ்வளவு அழகான இடத்தில் நான் இவ்வளவு கஷ்டப்பட்டிருக்கிறேனா என்று அவளுக்குக் கோபம் வந்தது. யார் மேல் கோபம் என்றுதான் புரியவில்லை.

அன்றைக்கு அவள் கடையை நாத்தனாரிடம் விட்டுவிட்டுக் கேமராக்காரியோடு தெரு முழுக்க நடந்தாள். ரொட்டிக்கடையின் விளம்பரப் பலகைக்குப் பின்னால் கப்பல் ஜன்னல்போல் வட்ட வட்டமாக மூன்று ஜன்னல் ஒளிந்திருந்தது. கடிகாரக் கடையின் வாசல்கூரை பறவை இறக்கையை விரித்ததுபோல் இருந்தது. அதன்மேல் குளிர்சாதனப் பெட்டியை ஏற்றி உட்காரவைத்திருந்தார்கள். பெட்ரோல் நிலையத்தின் கூரையை ஒரே ஒரு தூண் குடை பிடிப்பதுபோல் தாங்கியிருந்தது. எல்லாம் தினமும் பார்த்த கடைகள். ஒன்றையும் பார்த்ததில்லை. "எல்லாரும் கோயில், அரண்மனைன்னா வந்து பார்ப்பாங்க. சோப்பு விக்கிற கடையையும் இப்படி ஆசையாக் கட்டினாங்களேன்னு யாரும் நினைக்கறதில்ல" என்றாள் கேமராக்காரி. "ஆனா இங்க எல்லாமே பாதி கெட்டுப்போச்சும்மா. முழுசா, கெடாம இருக்கறது உங்களது மட்டும்தான்."

அண்ணிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. உண்மையைச் சொல்ல வேண்டும். துணி நன்றாக இருக்கிறது என்று அவளிடம் ஆயிரம் பேர் சொல்லியிருக்கிறார்கள். உன்னுடையது நன்றாக இருக்கிறது என்று யாரும் சொன்னதில்லை. கூரைக்குப் போகும் கதவைத் திறந்து மடிப்பைக் காட்டினாள், மாமனார் வைத்திருந்த பழைய வரைபடத்தைத் தேடி எடுத்துக் கொடுத்தாள், டீ போட்டுக் கொடுத்தாள். விற்கப்போவதை மட்டும் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை. அந்த நேரத்தில் அது நினைவிலேயே இல்லை.

அடுத்த வாரம், கையெழுத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, பத்திரிகையில் அரைப்பக்கம் படம் வந்தது. அதற்கடுத்த நாள் நகராட்சியிலிருந்து ஆள் வந்து கதவில் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனான். பாதுகாக்க வேண்டிய கட்டடமா என்று முடிவாகும்வரை இடிக்கக்கூடாது, மாற்றக்கூடாது, விற்பனைப் பதிவும் நிறுத்தி வைக்கப்படுகிறது. மருந்துக்கடைக்காரர் வந்தார். உட்காரவில்லை. "சுத்தம் பண்ண வேண்டாம்னு சொன்னேனேம்மா" என்றார். "முடிவு ஆகட்டும், பார்க்கலாம். பாதுகாத்துட்டாங்கன்னா எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அண்ணியின் முகம் சுண்டிப்போனது. தேய்த்துத் தேய்த்துத் தன் கதவைத் தானே சாத்திக்கொண்டிருக்கிறாள்.

விஷயம் தெரிந்து கேமராக்காரி ஓடிவந்தாள். கண்ணில் தண்ணீர். அவள் கெட்ட பெண் இல்லை. "எனக்குத் தெரியாதும்மா, சத்தியமாத் தெரியாது. ஆனா வழி இருக்கு. இடத்துக்குச் சொந்தக்காரங்க ஆட்சேபணை சொன்னா, சின்னக் கட்டடத்தை நகராட்சி விட்டுடும். இதை முடிவுபண்ற கூட்டத்துல வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும். நான் எதிர்த்துப் பேசமாட்டேன்."

ஒரு வார்த்தை. அன்றிலிருந்து அண்ணி அதைச் சொல்லிப் பழகினாள். ஆவி இஸ்திரியை அழுத்தும்போது, "ஆட்சேபணை இருக்கு" என்பாள். புஸ்ஸென்று ஆவி வரும். உறையில் போடும்போது, "இருக்கு" என்பாள். நாத்தனார் அதிகாரி மாதிரி கல்லாவில் நிமிர்ந்து உட்கார்ந்து, "உங்களுக்கு ஆட்சேபணை இருக்கா?" என்று கேட்பாள். "இருக்குங்க!" "இன்னும் சத்தமா." "இருக்குங்க!" வாடிக்கையாளர் ஒருவர் பயந்துபோய், "அந்தக் கறை போகலைன்னாலும் பரவாயில்லம்மா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவிடம் சொன்னபோது, "ஒரு வார்த்தைதானே, சொல்லிட்டு வந்துடு" என்றாள் அக்கா. "அறைக்கு வெள்ளையடிக்க ஆள் வந்திருக்கான். மகன் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு இருக்கான், இருந்துட்டுப் போகட்டும்."

கூட்டத்துக்கு இரண்டு பேரும் கடையை மூடிவிட்டுப் போனார்கள். சின்ன அறை, நாலைந்து அதிகாரிகள் என்று அண்ணி நினைத்திருந்தாள். போய்ப் பார்த்தால் பெரிய மண்டபம், தெருவே வந்து உட்கார்ந்திருந்தது. ரொட்டிக்கடைக்காரர், கடிகாரக் கடைக்காரர், ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் தன் வழுக்கைத் தலையோடு, கல்லூரிப் பிள்ளைகள். சுவரில் வெள்ளைத்திரை. அதில் அவள் கட்டடம்.

ரொட்டிக்கடைக்காரர் எழுந்து, அண்ணியைப் பார்த்த பிறகு தானும் பலகையைக் கழற்றி அந்த வட்ட ஜன்னல்களைத் திறந்துவிட்டதாகச் சொன்னார். கைதட்டினார்கள். வங்கி மேலாளர் எழுந்தார். "இந்தம்மா கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து நான் பார்க்கறேன். பல் தேய்க்கிற பிரஷ் மாதிரி சின்ன பிரஷை வெச்சுக்கிட்டு, வெயில்ல ஏணியில நின்னு, ஒவ்வொரு ஓடாத் தொடைச்சாங்க. இடிச்சுடுவாங்கன்னு தெரிஞ்சும் தொடைச்சாங்க! பெத்த பிள்ளையைக்கூட இப்படிக் குளிப்பாட்டமாட்டாங்க. பாசம் இல்லாமயா செய்வாங்க?" கிழவருக்குக் குரல் தழுதழுத்தது. மண்டபம் முழுக்கத் திரும்பி அண்ணியைப் பார்த்தது.

தலைமை அதிகாரி ஒரு பெண்மணி. நல்ல மாதிரி. முதலில் நாத்தனாரிடம் கேட்டாள். "நீங்களும் கட்டடத்துக்குச் சொந்தக்காரங்கதானே? உங்க கருத்து என்னம்மா?"

வாய்க்கு ஓய்வே இல்லாத நாத்தனார் எழுந்தாள். திரையைப் பார்த்தாள், கைவிரல்களைப் பார்த்தாள். "அண்ணி சொல்றதுதான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

அண்ணி எழுந்தாள்.

"உங்களுக்கு இந்தக் கட்டடத்து மேல எவ்வளவு பாசம்னு இப்பத்தான் எங்களுக்குத் தெரிஞ்சது" என்றாள் அதிகாரி.

"பாசமெல்லாம் இல்லைங்க" என்றாள் அண்ணி. "தொழில் பழக்கம். எதையும் அழுக்கா வெளியில குடுக்கமாட்டோம்."

மண்டபம் சிரித்தது. எவ்வளவு அடக்கம் பாருங்கள் என்று சிரித்தது. பிறகு கைதட்ட ஆரம்பித்தார்கள். பின்வரிசையில் கல்லூரிப் பிள்ளைகள் எழுந்து நின்று தட்டினார்கள். கேமராக்காரி மட்டும் தட்டவில்லை. அவள் அண்ணியையே பார்த்து, சொல்லுங்கம்மா, சொல்லிடுங்க என்பதுபோல் தலையை அசைத்துக்கொண்டிருந்தாள்.

"சட்டப்படி கேட்டாகணும்" என்றாள் அதிகாரி, சிரிப்பு அடங்கியதும். "பாதுகாக்கறதுல உங்களுக்கு ஏதாவது ஆட்சேபணை இருக்காம்மா?"

அண்ணி திரையைப் பார்த்தாள். எதிர்ச்சாரியிலிருந்து எடுத்த படம். சாயங்கால வெயிலில் மஞ்சள் ஓடுகள் ஆவியாக மேலே போய்க்கொண்டிருந்தன. இடது மூலையில், கூரை மடிப்புக்குக் கீழே, பிஸ்கட் நிறத்தில் ஒரு சின்னத் திட்டு உரியாமல் இருந்தது. எப்படி விட்டேன் என்று அவள் மனம் அங்கே போனது. உடனே திரும்பியும் வந்தது. கேள்வி அவளுக்கு நன்றாகவே கேட்டது. என்ன பதில் சொல்ல வேண்டும் என்றும் தெரியும். யாரும் அவளை ஏமாற்றவில்லை. சுற்றி அத்தனை முகங்கள், எல்லாம் அவளைப் பார்த்து மலர்ந்திருந்தன. அந்த முகங்களைப் பார்த்து, இதை இடித்துவிடுங்கள் என்று எப்படிச் சொல்வது? அழகாக இல்லை என்றாவது சொல்லலாமா என்றால், அழகாக இருந்தது.

"இல்லைங்க" என்றாள்.

மண்டபம் மறுபடியும் தட்டியது. அதிகாரி தாளில் எழுதினாள். அவ்வளவுதான்.

திரும்பி நடந்து வரும்போது அண்ணி நாத்தனாரைப் பிடித்துக்கொண்டாள். "உன்னைத்தானே முதல்ல கேட்டாங்க? நீ சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? என் தலையில ஏன் போட்டே?"

நாத்தனார் வேகமாக நடந்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் அண்ணி பார்த்துவிட்டாள். தூக்குத் தண்டனை ரத்தானவள் முகம்போல் இருந்தது அது. ஜன்னலோரக் கட்டிலாவது, விடுதியாவது. பிறந்த வீட்டை விட்டு ஒருநாள்கூட வெளியே படுத்தறியாதவள், பயத்தில் நடுங்கிக்கொண்டே இத்தனை மாதமும் வாய்ச்சவடால் அடித்திருக்கிறாள். அண்ணிக்கு வயிறு எரிந்தது. இவளை இப்போது என்ன செய்ய? திட்டினால் அழுவாள். அழுதால் தேற்ற வேண்டியதும் இவள்தான். இனி சாகும்வரை தேற்ற வேண்டியதுதான்.

கடையைத் திறந்ததும் வாழ்த்துச் சொல்ல ஆட்கள் வந்தார்கள். ஒருவர் கோட்டையும் கையோடு கொண்டுவந்திருந்தார். இனி அனுமதி இல்லாமல் ஓர் ஆணிகூட அடிக்க முடியாதாம் என்று யாரோ பெருமையாகச் சொன்னார். அப்போது தொலைபேசி அடித்தது. ஞாயிற்றுக்கிழமை இல்லை. அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"என்னடி ஆச்சு?"

அண்ணி சொன்னாள். அக்கா வாயைத் திறப்பதற்குள் இவள் மளமளவென்று பேச ஆரம்பித்தாள். நீல ஓடு, ஆவி மாதிரி மேலே போகிற மஞ்சள், கண்ணாடி சாய்ந்திருப்பதன் சூட்சுமம், மண்டபத்தில் எழுந்து நின்று தட்டியது, கிழவர் அழுதது. "உனக்குத் தெரியாதுக்கா, எவ்வளவு அழகு தெரியுமா? எனக்கே தெரியலை. நீ ஒரே ஒருதரம் வந்து பாரேன்."

"உனக்கா கை தட்டினாங்க?"

"ஆமாக்கா."

"நல்லதுடி" என்றாள் அக்கா. கொஞ்சம் இருமினாள். "நான் வந்து கட்டடத்தைப் பார்த்து என்ன பண்ணப்போறேன்? நான் பார்க்கணும்னு கிடந்தது உன்னைத்தான்டி."

வாடிக்கையாளர் கோட்டை நீட்டினார். அண்ணி ஒரு கையால் வாங்கிக் காலரைத் திருப்பி, வெளிச்சத்தில் கறை பார்த்தாள். கண்ணீர் மறைத்தது. எதுவும் தெரியவில்லை.

"அக்கா, வெச்சுடாதே. இரு" என்றாள்.

"இருக்கேன். சொல்லு" என்றாள் அக்கா.

அண்ணி கோட்டைக் கல்லா மேல் போட்டுவிட்டு, தொலைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.